தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு ஜெர்மன் பயனெட்

கேள்வி: என் தாத்தா இரண்டாம் உலகப் போரின்போது மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் இருந்து, இத்தாலிப் போர்முனைக்குச் சென்று வந்தவர். 1946-இல் ஊர் திரும்பியபோது, உறையோடு கூடிய ஒரு ஜெர்மன் கத்தியைத் தம் டிரங்குப் பெட்டியில் கொண்டுவந்தார். இத்தனை ஆண்டுகளாக ஆயுத பூஜைக்கு மட்டும் வெளியே எடுத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மறுநாள் உள்ளே வைத்துவிடுவோம். பாட்டியும் காலமாகிவிட்டதால் இப்போது குடும்பத்தில் பாகப்பிரிவினைப் பேச்சு நடக்கிறது. கைப்பேசியில் படங்களைப் பார்த்த ஒரு வியாபாரி, “இது ஹிட்லரின் சிறப்புப் படையினருடைய கத்தி, மூன்று லட்சம் போகும், சான்றிதழ் எடுக்க ஐந்தாயிரம் ரூபாய் முன்பணம் அனுப்புங்கள்” என்கிறார். சித்தப்பா அதை நன்றாகத் தேய்த்துப் பளபளப்பாக்கி விற்றுவிடலாம் என்கிறார். இது உண்மையில் என்ன பொருள், என்ன பெறும், சுத்தம் செய்யலாமா, வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி சரிதானா என்று தெரிவிக்க வேண்டுகிறேன். படங்களும் அளவுகளும் இணைத்துள்ளேன்.

பதில்:

மதிப்பிற்குரிய வாசகருக்கு வணக்கம். முதலில் அவசரமான இரண்டு செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். அந்த வியாபாரிக்கு ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். பொருளைக் கையில் எடுத்துப் பார்க்காமல் சான்றிதழ் தருகிறேன் என்பவரும், விற்பனைக்கு முன்பே பணம் கேட்பவரும் மதிப்பீட்டாளர்கள் அல்லர். நீங்கள் அனுப்பும் அந்த ஐந்தாயிரம்தான் அவர்களுடைய வியாபாரம். இரண்டாவதாக, தங்கள் சித்தப்பாவிடம் பேசி, கத்தியைத் தேய்க்கும் எண்ணத்தை இன்றே கைவிடச் செய்யுங்கள். விலை குறைவாக இருந்தாலும் அதிகமாக இருந்தாலும், ஒரு முறை தேய்த்துவிட்டால் இழந்ததை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

தாங்கள் அனுப்பிய படங்களும் அளவுகளும் மிகத் தெளிவாக இருப்பதால், பொருள் இன்னதென்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. இது ஜெர்மன் ராணுவத்தின் சாதாரணக் காலாட்படை வீரனுக்கு வழங்கப்பட்ட பயனெட். அவர்கள் இதற்கு இட்டிருந்த அதிகாரப்பூர்வப் பெயர் செய்டன்கெவேர் 84/98. இது காரபினர் 98கே என்னும் அவர்களுடைய பொதுத் துப்பாக்கியின் முனையில் பொருத்துவதற்காகச் செய்யப்பட்டது. அலகு ஏறத்தாழ 25 சென்டிமீட்டரும், பிடியோடு சேர்த்து மொத்த நீளம் ஏறத்தாழ 38 சென்டிமீட்டரும் இருக்க வேண்டும். தாங்கள் அளந்து எழுதியவை இதோடு பொருந்துகின்றன. பிடியின் கோடியில் துப்பாக்கியின் கட்டை நுழைவதற்கான நீண்ட பள்ளமும், அதை விடுவிக்கும் பொத்தானும் படத்தில் தெரிகின்றன. பிடியின் முதுகில் ஒட்டினாற்போல் ஓடும் மெல்லிய இரும்புத் தகடு, குண்டு சுடும்போது எழும் நெருப்பிலிருந்து பிடியைக் காப்பதற்காக வைக்கப்பட்டது. இவை எல்லாம் தங்கள் பொருளில் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிடுவது நல்லது. அலகின் இரு பக்கமும் நீளவாக்கில் ஓடும் பள்ளம் “ரத்தம் வழிந்தோடுவதற்கு” என்று அந்த வியாபாரி சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அது எடையைக் குறைத்து, அலகு வளையாமல் விறைப்பாக நிற்பதற்காகக் கொல்லர்கள் இழைக்கும் பள்ளம். நம் ஊர் வாள்களிலும் இதே காரணத்துக்காக அதே பள்ளம் உண்டு. இப்படிப்பட்ட கதைகளைச் சொல்லியே விலையை ஏற்றுவது இந்தத் தொழிலில் பழைய வழக்கம்.

பொருள் இன்னதென்று தெரிந்த பிறகு, எங்கே, எப்போது செய்தார்கள் என்பதைச் சொல்லும் முத்திரைகளுக்கு வருவோம். பயனெட்டைப் பொறுத்தவரை அலகு பிடியோடு சேரும் இடத்தில் உள்ள சிறு தட்டைப் பகுதிதான் அதன் பிறப்புச் சான்று. தங்கள் கத்தியில் ஒரு பக்கம் 42 என்னும் எண்ணும், அதையடுத்து எஃப், என், ஜே என்னும் மூன்று சிறிய எழுத்துகளும், மறுபக்கம் நான்கு இலக்க எண்ணும் அதன் கீழ் ஒரு சிறிய எழுத்தும் உள்ளன. 42 என்பது 1942-ஆம் ஆண்டு. மூன்று எழுத்துகள் தொழிற்சாலையின் ரகசியக் குறியீடு. 1930-களின் நடுப்பகுதியில் ‘எஸ்’ என்னும் எழுத்தோடு எண்ணையும் சேர்த்த குறியீடுகளை இட்டார்கள். பிறகு சில காலம் நிறுவனத்தின் பெயரையே வெளிப்படையாகப் பொறித்தார்கள். போர் முற்றியதும், எந்த ஊரில் எந்த ஆலை எவ்வளவு செய்கிறது என்பது எதிரிக்குத் தெரியக் கூடாது என்பதற்காக 1940-ஐ ஒட்டி மூன்றெழுத்துக் குறியீட்டுக்கு மாறினார்கள். ஆகவே ஒரு பயனெட்டில் உள்ள குறியீட்டின் வகையைப் பார்த்தாலே அது எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என்று ஓரளவு கணித்துவிடலாம். குறியீடு ஒரு காலத்தையும் ஆண்டு வேறொரு காலத்தையும் காட்டினால் அங்கே ஏதோ கோளாறு இருக்கிறது. தங்கள் கத்தியில் இரண்டும் இசைவாக இருக்கின்றன.

எஃப்-என்-ஜே என்பது சோலிங்கன் நகரத்து அலெக்சாண்டர் கோப்பல் ஆலையின் குறியீடு. சோலிங்கன் ஜெர்மனியின் மேற்கே, வுப்பர் ஆற்றங்கரையில் நூற்றாண்டுகளாகக் கத்திகளுக்கும் வாள்களுக்கும் பெயர்பெற்ற ஊர். அங்கே செய்யாத கத்தியில் அந்த ஊரின் பெயரைப் பொறிக்கக் கூடாது என்று 1938-இல் தனிச் சட்டமே போட்டார்கள். கோப்பல் ஆலையைத் தொடங்கி வளர்த்தவர்கள் யூதக் குடும்பத்தார். நாஜிகள் ஆட்சிக்கு வந்த பிறகு, 1930-களில் அந்த ஆலை அவர்கள் கையிலிருந்து பிடுங்கப்பட்டது. பெயர் மட்டும் வாணிகத்துக்குப் பயன்பட்டதால் அப்படியே விடப்பட்டது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த, ஆலையின் பெயரையே தாங்கிய அலெக்சாண்டர் கோப்பல், தள்ளாத வயதில் தெரேசியன்ஸ்டாட் என்னும் நாஜித் தடுப்பு முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டு 1942-இல் அங்கேயே இறந்தார். தங்கள் கத்தியில் பொறித்திருக்கும் ஆண்டும் அதுவே. விலைப் பட்டியல்களில் இந்த விவரம் இடம்பெறுவதில்லை. மற்ற சோலிங்கன் ஆலைகளின் பயனெட்டைவிட இதற்கு ஒரு டாலர் கூடுதலாகவும் கிடைக்காது. ஆனாலும் இந்தப் பொருளை வைத்திருக்கப் போகிறவர் அதில் உள்ள மூன்று எழுத்துகளின் பின்னால் என்ன நடந்தது என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நான் கருதுவதால், கேட்காமலே எழுதுகிறேன்.

மறுபக்கத்தில் உள்ள நான்கு இலக்க எண், இதை வைத்திருந்த ஜெர்மன் வீரனின் எண்ணாக இருக்கலாம் என்றும், அதைக் கொண்டு அவன் குடும்பத்தைக் கண்டுபிடிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நல்ல மனத்தோடு கேட்ட கேள்விதான். ஆனால் அது முடியாது. அது ஆலையின் வரிசை எண். 9999 வரை சென்றதும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கி, வேறுபடுத்துவதற்காக ஏ, பி, சி என்று ஒரு சிறிய எழுத்தைக் கீழே சேர்த்தார்கள். அது எந்த வீரனையும் எந்தப் படைப்பிரிவையும் சுட்டாது. அந்த எண்ணின் பயன் ஒன்றே ஒன்றுதான்: ஆலையை விட்டு வெளியேறும்போது அலகிலும் உறையிலும் ஒரே எண்ணைப் பொறித்து இரண்டையும் இணையாக்கினார்கள். விலையைத் தீர்மானிப்பதில் மற்ற எல்லாவற்றையும்விட இந்த இணைதான் பெரியது.

தங்கள் கத்தியின் குறையும் அங்கேதான் இருக்கிறது. உறையின் மேற்பகுதியில் உள்ள எண் வேறு. அதில் உள்ள சி-ஓ-எஃப் என்னும் குறியீடு வேறோர் ஆலையான கார்ல் ஐக்ஹார்னுடையது. அதாவது அலகும் உறையும் வெவ்வேறு ஆலைகளில் பிறந்து, பிறகு எங்கோ ஒன்றாகச் சேர்ந்தவை. இதைக் கண்டு தாத்தா ஏமாற்றப்பட்டதாகவோ, வீட்டில் யாரோ மாற்றிவிட்டதாகவோ எண்ண வேண்டாம். போர்முனையில் சரணடைந்தவர்களின் ஆயுதங்கள் குவியல் குவியலாகப் போடப்படும்போது, அதிலிருந்து எடுப்பவர் எண்ணைப் பார்த்து எடுப்பதில்லை. ஜெர்மன் படைக்குள்ளேயே பழுதுபார்க்கும் இடங்களில் உறைகள் மாறியதும் உண்டு. இப்படி எண் மாறியவை ஏராளம். எண் பொருந்தியவை குறைவு. விலையில் வித்தியாசம் இருப்பதற்கு இதுவே காரணம்.

பொருள் அசலா என்ற ஐயத்துக்கு விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் ஜெர்மன் போர்க்காலக் கத்திகள் என்ற பெயரில் உலகெங்கும் விற்கப்படுபவற்றில் போலிகள் மலிந்துள்ளன. ஆனால் போலிகள் பெரும்பாலும் எங்கே குவிகின்றன என்று தெரிந்துகொண்டால் அச்சம் குறையும். நாஜிக் கட்சிப் படையினர் அணிந்த குறுவாள்கள், அதிகாரிகள் இடுப்பில் தொங்கவிட்ட அலங்காரக் குத்துவாள்கள், எழுத்துப் பொறித்த நினைவுக் கத்திகள் ஆகிய விலை உயர்ந்தவற்றைத்தான் போலி செய்கிறார்கள். கோடிக்கணக்கில் ஆள் திரட்டிய படையின் சாதாரண வீரனுக்கு வழங்கிய பயனெட்டை முழுமையாகப் போலி செய்வதில் செலவுக்கேற்ற லாபம் இல்லை. இங்கே நடக்கும் மோசடி வேறு வகையானது: அசலான ஒரு சாதாரணப் பயனெட்டை எடுத்து, அதில் சிறப்புப் படையின் இரட்டை மின்னல் குறியையோ மண்டையோட்டையோ புதிதாகக் குத்தி, பத்து மடங்கு விலை சொல்வது. அந்த வியாபாரி தங்கள் கத்தியை “ஹிட்லரின் சிறப்புப் படையினருடையது” என்று எந்த அடிப்படையில் சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை. தங்கள் படங்களில் அப்படி எந்தக் குறியும் இல்லை, இல்லாதிருப்பதே நல்லது. நாளை யாராவது “ஒரு சின்ன முத்திரை குத்தினால் விலை ஏறும்” என்று சொன்னால், அவரை வீட்டுக்குள்ளேயே விட வேண்டாம்.

பிடியின் கோடியில், அதாவது கொண்டைப் பகுதியில், சிறிய கழுகு முத்திரைகள் இருக்கின்றன அல்லவா? அவை ராணுவத்தின் ஆயுதப் பரிசோதனை அதிகாரிகள் “இதை ஏற்றுக்கொண்டோம்” என்று குத்தியவை. ஒரு வெள்ளைத் தாளை அருகில் பிடித்து, ஒளி பக்கவாட்டிலிருந்து விழுமாறு வைத்துப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். அசல் முத்திரையில் எழுத்தின் ஓரங்கள் ஓரளவு மழுங்கி, அதன் பள்ளத்துக்குள்ளும் வெளியே உள்ளதைப் போலவே பழைய கருமை படிந்திருக்கும். புதிதாகக் குத்திய முத்திரையில் பள்ளத்துக்குள் வெளிறிய உலோகம் மின்னும். ஓரத்தில் உலோகம் பிதுங்கி விரலுக்குச் சொரசொரப்பாகத் தட்டுப்படும். தங்கள் மூன்றாவது படத்தில் முத்திரையின் மேலேயே மெல்லிய அரிப்புப் புள்ளிகள் ஓடியிருக்கின்றன. முத்திரை அந்த அரிப்புக்கு முந்தியது என்பதற்கு அது நல்ல சாட்சி.

பிடியின் இரு பக்கமும் உள்ள செம்பழுப்புத் தகடுகள் மரமா பிளாஸ்டிக்கா என்று கேட்டிருந்தீர்கள். அவை பேக்லைட் என்னும் பழைய வகைப் பிளாஸ்டிக். தொடக்கத்தில் மரத் தகடுகளை வைத்தார்கள். 1937-ஐ ஒட்டி பேக்லைட்டுக்கு மாறினார்கள். போரின் கடைசிக் காலத்தில் பொருள் தட்டுப்பாட்டில் மறுபடியும் மரத்துக்கு வந்து, திருகாணிக்குப் பதிலாக ஆணியடித்து முடித்தவையும் உண்டு. 1942-ஆம் ஆண்டுக் கத்தியில் இரண்டு திருகாணிகளோடு பேக்லைட் இருப்பது முற்றிலும் முறையானது. ஒரு பக்கத் தகட்டில் திருகாணியைச் சுற்றி ஓடும் கீறல், யாரோ அதை இறுக்க முயன்றதால் ஏற்பட்டதாகத் தோன்றுகிறது. அதைப் பசை போட்டு ஒட்ட வேண்டாம். புதிய தகடு வாங்கி மாற்றவும் வேண்டாம். கீறிய அசலுக்கு இருக்கும் மதிப்பு, முழுதாக இருக்கும் மாற்றுத் தகட்டுக்குக் கிடையாது. அந்தத் திருகாணிகளையும், உறையின் வாயருகே பக்கவாட்டில் உள்ள ஒற்றைத் திருகாணியையும் கழற்றிப் பார்க்கும் ஆவல் எல்லோருக்கும் வரும். பொருந்தாத திருப்புளியால் திருகாணியின் தலைப் பள்ளம் ஒருமுறை சிதைந்துவிட்டால், வாங்குபவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

தாத்தாவைப் பற்றிக் குடும்பத்தில் சொல்லப்படும் வரலாறு பொருளோடு ஒத்துப்போகிறதா என்பதும் மதிப்பீட்டின் ஒரு பகுதியே. இத்தாலியில் 4, 8, 10 ஆகிய எண்ணுள்ள இந்திய டிவிஷன்கள் போரிட்டன. மதராஸ் சாப்பர்ஸின் கம்பெனிகள் அங்கே பாலம் கட்டுதல், பாதை அமைத்தல், கண்ணிவெடி அகற்றுதல் ஆகிய பணிகளைச் செய்தன. அந்தப் படையின் சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24-ஆம் நாள் மிஞ்ஞானோ அருகே, தம்மோடு இருந்தவர்களைக் காப்பதற்காகக் கண்ணிவெடியின் மேல் விழுந்து உயிர் துறந்து, மறைவுக்குப் பின் ஜார்ஜ் கிராஸ் விருது பெற்றதைத் தங்கள் குடும்பத்தார் அறிந்திருக்கக்கூடும். எதிரி விட்டுச்சென்ற இடங்களில் முதலில் நுழைந்து பணிசெய்தவர்கள் கையில் இப்படிப்பட்ட பொருள்கள் கிடைப்பது இயல்பு. கத்தி 1942-ஆம் ஆண்டுக்குரியது. எனவே இத்தாலியில் கிடைத்தது என்பதற்கு ஆண்டு தடையாக இல்லை. போருக்குப் பிறகு யூகோஸ்லாவியா போன்ற நாடுகள் ஜெர்மன் பயனெட்டுகளைத் தங்கள் படைக்கு எடுத்துக்கொண்டு, பழைய முத்திரைகளைத் தேய்த்தழித்துத் தங்கள் ஆலையின் பெயரைப் பொறித்தன. அப்படிப்பட்ட பொறிப்பு இருந்திருந்தால், 1946-இல் ஊர் திரும்பியவர் பெட்டியில் அது எப்படி வந்தது என்று நான் கேட்டிருப்பேன். தங்கள் கத்தியில் அது இல்லை.

ஆனால் ஒத்துப்போகிறது என்பது ஒன்று, நிரூபணமாகிறது என்பது வேறு. சேகரிப்பாளர்கள் குடும்பக் கதைக்காகப் பணம் தருவதில்லை. எல்லாக் கத்திக்கும் ஒரு கதை சொல்லப்படுவதே அதற்குக் காரணம். காகிதம் இருந்தால் நிலைமை சற்று மாறும். தாத்தாவின் சம்பளப் புத்தகம், படையிலிருந்து விடுவித்த சான்று, சீருடையில் எடுத்த புகைப்படம், ஊருக்கு எழுதிய கடிதம் ஆகியவற்றில் எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். நடுவில் பச்சையும், அதன் இருபுறமும் வெள்ளையும், ஓரங்களில் சிவப்புமாகப் பட்டை ஓடிய ரிப்பனில் ஆறுமுனை வெண்கல நட்சத்திரம் ஒன்று பெட்டியில் கிடக்கிறதா என்று பாருங்கள். அது இத்தாலி ஸ்டார். 1943 ஜூன் முதல் 1945 மே வரை அந்தப் போர்முனையில் பணிபுரிந்தவர்களுக்கு வழங்கப்பட்டது. மதராஸ் சாப்பர்ஸின் தலைமையகமும் ஆவணக் காப்பகமும் பெங்களூரில் உள்ளன. தாத்தாவின் பெயரும் படை எண்ணும் தெரிந்தால், வாரிசு என்ற முறையில் அங்கே எழுதிக் கேட்கலாம்.

இனி விலை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ராணுவப் பழம்பொருள் ஏலங்களில், அலகும் உறையும் எண் பொருந்தி, ஆலையில் ஏற்றிய நீலக் கருமை பெரும்பாலும் அழியாமல், உறையை இடுப்புப் பட்டையில் மாட்டும் தோல் தொங்கலோடு இருக்கும் 84/98 பயனெட் ஏறத்தாழ 200 முதல் 300 டாலர் வரையும், மிகச் சிறந்த நிலையில் இருந்தால் அதற்கு மேலும் போகிறது. எண் பொருந்தாதவை பொதுவாக 100 டாலரை ஒட்டியே நிற்கின்றன. நல்ல நிலையில் இருந்தால் 150 வரை செல்லலாம். தங்களுடையது எண் பொருந்தாதது. பிடியில் கீறல் உள்ளது. அலகின் விளிம்பை யாரோ வீட்டுச் சாணைக்கல்லில் தீட்டியிருப்பது கோடுகளாகத் தெரிகிறது. குங்குமம் வைத்த இடங்களில் அரிப்புத் திட்டுகள் இருக்கின்றன. தோல் தொங்கல் அசலாக இருப்பது சாதகம். எல்லாம் சேர்த்து, வெளிநாட்டு ஏலத்தில் 80 முதல் 120 டாலர் வரை என்று மதிப்பிடுகிறேன். இது வாங்குபவர் தரும் விலை. வியாபாரி ஒருவரிடம் கொடுத்தால் அவர் தம் லாபத்தையும் காத்திருப்பையும் கணக்கிட்டு ஏறத்தாழ பாதிதான் தருவார். இந்தியாவில் இத்தகைய பொருளுக்கு ஒழுங்கான சந்தை இல்லை. ஆகவே பாகப்பிரிவினைக் கணக்கில் எழுத ஒரு தொகை வேண்டுமென்றால், பத்தாயிரம் ரூபாய் என்று எழுதுவது நியாயமானது. அதற்கு மேல் எழுதினால் அதை ஏற்றுக்கொள்பவருக்கு அநீதி. மூன்று லட்சம் என்ற பேச்சை முழுவதுமாக மறந்துவிடுங்கள்.

சுத்தம் செய்வதைப் பற்றித் தாங்கள் கேட்டதற்கு வருகிறேன். அலகின் மேல் உள்ள கருமை அழுக்கு அல்ல. துரு ஏறாமலிருக்க ஆலையில் ஏற்றிய நீலக் கருமையும், எண்பது ஆண்டுகளில் படிந்த பழமையும் சேர்ந்த தோல் அது. உப்புத்தாள், புளி, எலுமிச்சை, விபூதி, பித்தளைப் பாலிஷ் ஆகிய எதைப் போட்டாலும் முதலில் போவது அந்தத் தோல்தான். பிறகு முத்திரைகளின் ஓரம் மழுங்கும். பளபளக்கும் பயனெட்டைப் பார்த்ததும் சேகரிப்பாளர் விலையைப் பாதியாகக் குறைத்துவிடுவார். செய்ய வேண்டியது சொற்பம். பழைய, மென்மையான பருத்தித் துணியில் தையல் இயந்திரத்துக்கு விடும் எண்ணெயைச் சில துளிகள் விட்டு அலகு முழுவதும் மெதுவாகத் துடையுங்கள். செங்காவி நிறத்தில் விரலில் ஒட்டும் துரு இருந்தால், அந்த இடத்தில் எண்ணெயை ஓரிரு நாள் ஊறவிட்டு, மூங்கில் குச்சியின் மழுங்கிய நுனியால் கீறல் விழாமல் தட்டி எடுங்கள். கறுத்து இறுகிப்போன துரு வளர்வதில்லை, அதை விட்டுவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது நாளடைவில் பிசினாகித் தூசியைப் பிடித்துவைக்கும்.

ஆயுத பூஜைக்கு வைப்பதைத் தாங்கள் நிறுத்த வேண்டியதில்லை. ஈரச் சந்தனத்தை இரும்பின் மேல் நேரடியாக இடுவதுதான் கெடுதல். காய்ந்த பிறகும் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சி அடியில் வைத்துக்கொண்டே இருக்கும், அடுத்த பூஜை வரை. தங்கள் இரண்டாவது படத்தில் பிடியிலிருந்து நாலு விரற்கடை தள்ளி, காசு அளவில் வட்டமாக அரித்திருக்கும் இடம் ஆண்டுதோறும் பொட்டு வைத்த இடமாகவே இருக்க வேண்டும். பொட்டை உறையின் மேல் சுற்றிய ஒரு துணியில் வைத்துவிட்டு, மறுநாள் எண்ணெய்த் துணியால் ஒருமுறை துடைத்து உள்ளே வைத்தால் போதும்.

தோல் தொங்கலுக்கு எண்ணெயோ ஷூ பாலிஷோ போட வேண்டாம். காய்ந்து விறைத்திருப்பதை வளைத்துப் பார்த்தால் மடிப்பில் உடைந்துவிடும். அதை உறையிலிருந்து பிரிக்க வருகிறதென்றால் பிரித்து, அமிலமில்லாத தாளிலோ துவைத்த வெள்ளைத் துணியிலோ தனியாகச் சுற்றி வையுங்கள். வராவிட்டால் வலிந்து இழுக்காமல் அப்படியே விடுங்கள். தொங்கலின் பின்பக்கத்தில் தோல் செய்த ஆலையின் பெயரும் ஆண்டும் அழுத்திப் பதித்திருப்பது வழக்கம். ஒளியைச் சாய்த்துப் பிடித்து அதைப் படம் எடுத்து அனுப்பினால், தொங்கலின் காலத்தையும் சொல்கிறேன்.

சட்டத்தைப் பொறுத்தவரை, நான் வழக்கறிஞர் அல்லேன் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகளில், துப்பாக்கியல்லாத கூரிய ஆயுதங்களின் பட்டியலில் பயனெட் பெயர் சொல்லியே குறிப்பிடப்படுகிறது. 9 அங்குலத்துக்கு மேற்பட்ட அலகு என்னும் அளவும் அங்கே வருகிறது. தங்கள் அலகு 10 அங்குலத்துக்குச் சற்றே குறைவு. எனவே அந்த அளவைத் தாண்டுகிறது. இவ்வகை ஆயுதத்தை வீட்டில் வைத்திருக்க உரிமம் தேவையா என்பது, அந்தப் பகுதியை அரசு அறிவிக்கை மூலம் சட்டத்தின் 4-ஆம் பிரிவுக்குள் கொண்டுவந்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது. ஆகையால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் ஆயுத உரிமப் பிரிவில், தாத்தாவின் பொருள் என்ற விவரத்தோடு எழுத்துமூலம் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை அதை வெளியூருக்கு எடுத்துச் செல்லவோ கூரியரில் அனுப்பவோ வேண்டாம். ஆயுதங்களை நாட்டுக்கு வெளியே அனுப்புவதற்கும் அதே சட்டத்தில் தனி உரிமம் உண்டு. எனவே வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்புவது, கிடைக்கும் 100 டாலருக்கு ஏற்ற வேலையே அல்ல. தொல்பொருள் சட்டம் பொருந்துமா என்றும் கேட்டிருந்தீர்கள். அது 100 ஆண்டு பழமை கொண்ட பொருள்களுக்குரியது. தங்கள் பயனெட் அந்த வயதை 2042-இல்தான் எட்டும்.

வெளிநாட்டில் வாழும் உறவினர் எடுத்துச் செல்ல விரும்பினால் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஜெர்மனியில் நாஜிக் குறிகளைப் பொதுவெளியில் காட்டுவது குற்றவியல் சட்டத்தின் 86ஏ பிரிவின்படி குற்றம். ஆய்வு, கல்வி, வரலாற்று விளக்கம் போன்ற நோக்கங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அங்கே ஏலப் பட்டியல்களில் அந்தக் குறிகளை மறைத்துப் படம் போடுவது இதனால்தான். இணைய விற்பனைத் தளங்கள் பலவும் அந்தக் குறியுள்ள பொருள்களை ஏற்பதில்லை.

நான் தங்கள் குடும்பத்தில் ஒருவனாக இருந்தால் இதை விற்கச் சொல்ல மாட்டேன். விற்று வரும் தொகையைப் பங்கிட்டால் ஒருவருக்கு இரண்டாயிரம் ரூபாய்கூட மிஞ்சாது. பொருளோ தாத்தாவின் காகிதங்களிலிருந்து பிரிந்து, யாருடையது என்று சொல்ல ஆளில்லாத நூறு டாலர் இரும்பாகிவிடும். குடும்பத்தில் யார் அந்தச் சம்பளப் புத்தகத்தையும் புகைப்படத்தையும் பொறுப்பாக வைத்திருக்கிறாரோ அவருக்கே பயனெட்டையும் கொடுத்து, பத்தாயிரத்தை அவர் பங்கில் கழித்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் அலகின் எண், உறையின் எண், இரண்டு குறியீடுகள், அளவுகள், தாத்தாவின் பெயர், படை எண், கொண்டுவந்த ஆண்டு ஆகியவற்றை எழுதி, மூத்தவர்கள் இருவர் கையொப்பமிட்டு, கத்தியின் உறையோடு கட்டாமல் பெட்டியின் மூடியில் உட்புறமாக ஒரு காகித உறையிலிட்டு ஒட்டி வையுங்கள். சித்தப்பாவுக்குத் தாத்தா சொல்லிக் கேட்ட செய்திகள் மற்றவர்களைவிடக் கூடுதலாக நினைவிருக்கும் என்று தங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. அந்தத் தாளை அவரையே எழுதச் சொல்லுங்கள்.